வாசலருகே கிடந்தவன்



ஐசுவரியவானும் லாசருவும் பற்றி நம் ஆண்டவர் சொன்ன சம்பவம் (லூக்கா 16:19-31) நாம் ஓய்வுநாள் பள்ளியிலிருந்தே கேட்டு வளர்ந்த ஒன்று. நன்றாகத் தெரிந்த வேதபகுதிகளில் ஓர் ஆபத்து உண்டு. தெரிந்ததுதானே என்று நாம் அவற்றை வேகமாகக் கடந்துபோகிறோம். சற்று நின்று வாசித்தால், அந்த ஐசுவரியவான்மீது ஆண்டவர் சுமத்தாத குற்றங்களே நம்மைத் திடுக்கிட வைக்கும். அவன் திருடினான் என்று ஆண்டவர் சொல்லவில்லை. லாசருவை அடித்தான் என்றோ, வாசலைவிட்டுத் துரத்தினான் என்றோ சொல்லவில்லை. அவன் தேவனை மறுதலித்தவன் என்றும் சொல்லவில்லை. பாதாளத்திலிருந்து ஆபிரகாமைத் தகப்பனே என்று அழைக்கும் அளவுக்கு அவன் மார்க்கம் அறிந்தவன். அவன் செய்த தீமை என்று ஒரு செயலைக்கூட நம்மால் சுட்டிக்காட்ட முடியாது. தினமும் தன் வாசலைக் கடந்து போனான், அவ்வளவுதான்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. ஒருவருக்கும் தீங்கு செய்யாமல், ஒழுங்காக ஆராதனைக்குச் சென்று, தசமபாகம் செலுத்தி, குடும்பத்தைக் காத்து வாழ்வது கிறிஸ்துவை மையமாகக் கொண்ட வாழ்க்கைக்குப் போதுமா?

அறியாமையா, அலட்சியமா?

அந்த ஐசுவரியவானுக்காக ஒருவர் இப்படி வாதாடலாம்: “பாவம், அவன் கவனிக்கவில்லை. தன் வாசலில் ஒருவன் கிடப்பதே அவனுக்குத் தெரியாது.” ஆனால் 24-ஆம் வசனம் இந்த வாதத்தை ஒரே அடியில் தகர்த்துவிடுகிறது. வேதனையின் நடுவிலே அவன் உதவி கேட்கும்போது, லாசருவைப் பெயர் சொல்லிக் கேட்கிறான்! ஆகவே அவனுக்கு லாசருவைத் தெரியும்; முகமும் தெரியும், பெயரும் தெரியும். தெரிந்தும் அவனுக்காக ஒரு நிமிடம் நிற்கவில்லை. அதைவிட வேதனையானது, பாதாளத்திலும் அவன் பார்வை மாறவில்லை என்பதே. தனக்குத் தண்ணீர் கொண்டுவரவும், தன் சகோதரருக்குச் செய்தி சொல்லவும் லாசருவை ஒரு வேலைக்காரனைப்போல் அனுப்பச் சொல்கிறானேயன்றி, “லாசருவே, உன்னை நான் கவனிக்காமற்போனேன்” என்று அவனோடு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

ஆண்டவரோ தாம் சொன்ன உவமைகளில் வேறு எவருக்கும் சூட்டாத பெயரை இந்தத் தரித்திரனுக்குச் சூட்டினார். செல்வந்தனைப் பெயரில்லாதவனாக விட்டுவிட்டார். உலகம் பெயர் சொல்லி மதிப்பவர்களின் பட்டியலும், பரலோகம் பெயர் சொல்லி அறிந்திருப்பவர்களின் பட்டியலும் ஒன்றல்ல.

ஒரு சாலையின் இருபுறம்

இந்த உவமையைத் தலைநகரில் எங்கே வாசிக்கலாம் என்று கேட்டால், கிட்வாய் நகரைச் சொல்லலாம். சுதந்திர இந்தியாவின் அமைச்சராயிருந்த ரஃபி அகமது கிட்வாயின் பெயரைத் தாங்கிய அரசு ஊழியர் குடியிருப்பு அது. தமிழ்நாட்டிலிருந்து மத்திய அரசுப் பணிக்கு வந்த குடும்பங்கள் பல தலைமுறைகளாக அங்கும், அடுத்துள்ள சரோஜினி நகர், லட்சுமிபாய் நகர் பகுதிகளிலும் வாழ்ந்து வந்துள்ளன. கிழக்குக் கிட்வாய் நகரின் பழைய தாழ்வான வீடுகள் 2014-க்குப் பின் இடிக்கப்பட்டு, இன்று அங்கே உயர்ந்த அடுக்குமாடிகள் நிற்கின்றன.

அந்தக் குடியிருப்புக்கும் எய்ம்ஸ் மருத்துவமனைக்கும் இடையே இருப்பது ரிங் ரோடு மட்டுமே. அந்தச் சாலையின் மறுபுறத்தில், மருத்துவமனையைச் சுற்றியுள்ள நடைபாதைகளில், நோயாளிகளும் அவர்களோடு வந்தவர்களும் இரவில் படுத்திருப்பதை டில்லிவாசிகள் அனைவரும் அறிவர். பீகாரிலிருந்தும் உத்தரப்பிரதேசத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயிலேறி வந்தவர்கள் அவர்கள். அறுவை சிகிச்சைக்கோ, அடுத்த பரிசோதனைக்கோ தேதி கிடைக்கும்வரை அவர்கள் காத்திருக்கவேண்டும். ஊருக்குத் திரும்பிப் போய்வரக் கையில் பணமிராது. ஜனவரி மாதத்தில் குளிர் 4, 5 டிகிரிவரை இறங்கும் இரவுகளிலும் அவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். இரவுக் காப்பகங்களும் தங்கும் விடுதிகளும் உண்டு. வருகிறவர்களுக்கு அவை போதுவதில்லை.

அன்பானவர்களே, ஒரு காரியத்தைச் சிந்தியுங்கள். வடமாநிலக் கிராமங்களுக்காக நாம் உபவாசித்து ஜெபிக்கிறோம். பணித்தளங்களின் பெயர்களை ஜெபக்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறோம். அந்தக் கிராமங்களுக்கு மிஷனெரிகளை அனுப்பக் காணிக்கை தருகிறோம். இவை யாவும் நல்லவை, தொடரவேண்டியவை. ஆனால் நாம் யாருக்காக ஜெபித்தோமோ, அதே கிராமத்து மனிதர் ஒரு போர்வையோடு நம் வாசலுக்கு எதிரே வந்து படுத்திருக்கும்போது, காரின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நாம் ஜெபக்கூட்டத்துக்கு விரைந்தால், அந்த ஜெபம் எந்தக் கிராமத்தைச் சென்றடையும்?

அதிகாரத்தில் இருந்தவரும், வாசலைத் திறந்தவரும்

அந்த எய்ம்ஸ் மருத்துவமனை உருவானதிலும் ஒரு கிறிஸ்தவப் பெண்மணியின் பங்கு உண்டு என்பதை நம்மில் பலர் அறிவதில்லை. கபூர்தலா அரச குடும்பத்தில் பிறந்து, கிறிஸ்துவை ஏற்றுக்கொண்ட ராஜா ஹர்னாம் சிங்கின் மகளாக வளர்ந்தவர் ராஜகுமாரி அம்ரித் கௌர். அரண்மனை வாழ்வை விட்டு, காந்தியடிகளின் செயலாளராகப் பல ஆண்டுகள் எளிமையாகப் பணியாற்றினார். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றார். 1947-ல் நாட்டின் முதல் சுகாதார அமைச்சரானார். எய்ம்ஸ் நிறுவனத்துக்கான சட்டம் 1956-ல் நிறைவேற முன்னின்று உழைத்தவர் அவரே. நியூசிலாந்து அரசு கொழும்புத் திட்டத்தின்கீழ் அளித்த கொடை அதன் கட்டுமானத்துக்குத் துணையாயிற்று. சிம்லாவிலிருந்த தம் குடும்ப மாளிகையையும் அவர் அந்த நிறுவனத்துக்கே அளித்துவிட்டார். அந்த மருத்துவமனையின் வாசலில் எவரிடமும் மதம் கேட்கப்படுவதில்லை. ஒருவரது விசுவாசம் ஒரு சட்டமாகவும், ஒரு கட்டடமாகவும் உருப்பெற முடியும் என்பதற்கு அவர் சாட்சி.

நாம் அனைவரும் அமைச்சர்கள் அல்லவே என்று நீங்கள் கூறலாம். அப்படியானால் நம் தமிழ் மண்ணுக்கு வாருங்கள். 1890-களில் திண்டிவனத்தில், மருத்துவ மிஷனெரியான டாக்டர் ஜான் ஸ்கட்டரின் வீட்டு வாசலில் ஒரே இரவில் மூன்று பேர் வந்து நின்றார்கள். மூவருடைய மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தனர். ஆண் மருத்துவர் பார்ப்பதற்கு அவர்களின் வழக்கம் இடந்தரவில்லை. மருத்துவம் கற்றிராத இளம்பெண் ஐடாவால் உதவ இயலவில்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அமெரிக்காவுக்குத் திரும்பி வசதியாக வாழத் திட்டமிட்டிருந்த ஐடா ஸ்கட்டர், மருத்துவம் கற்று 1900-ல் திரும்பி வந்தார். வேலூரில் ஒரு சிறிய அறையில் தொடங்கிய அந்தப் பணியே இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்து நிற்கிறது. அவர் கல்லூரி கட்டவேண்டும் என்று புறப்பட்டவரல்ல. தம் வாசலில் நின்றவர்களை மறக்க மறுத்தவர்.

பெரிய பணிகளின் வேரும் ஒரு வாசலில்தான் இருக்கிறது. பெரிய பணிகள் உருவானபின்பும் வாசலின் தேவை தீர்ந்துவிடுவதில்லை. மருத்துவமனையைச் சட்டம் இயற்றிக் கட்டிவிடலாம், அதற்கு வெளியே பயந்து காத்திருக்கும் தகப்பனிடம் “சாப்பிட்டீர்களா?” என்று கேட்க எந்தச் சட்டமும் வராது. அதை அயலான்தான் கேட்கவேண்டும்.

நாம் சொல்லும் காரணங்கள்

“ஒருவருக்குச் செய்தால் நூறு பேர் நிற்பார்கள், எத்தனை பேருக்குச் செய்ய முடியும்?” என்று கேட்கிறோம். நல்ல சமாரியனைப் பாருங்கள் (லூக்கா 10:30-37). எரிகோ சாலையின் கள்வரையெல்லாம் ஒழிக்க அவன் கிளம்பவில்லை. தன் பயணத்தையும் கைவிடவில்லை. காயம் கட்டினான், சத்திரத்தில் சேர்த்தான், இரண்டு பணம் கொடுத்தான், மறுநாள் தன் வழியே போனான். திரும்பி வரும்போது மீதியைத் தருவதாகச் சொல்லிப் போனான். அன்பு அளவற்றதாயிருந்தாலும் அன்றாட அன்புக்கு ஓர் அளவு உண்டு. அந்த அளவு குறித்து வெட்கப்படவேண்டியதில்லை. எல்லாருக்கும் செய்ய முடியாது என்பது உண்மை. அந்த உண்மையை ஒருவருக்கும் செய்யாமலிருப்பதற்கான அனுமதியாக்கிக்கொள்வதே பொய்.

“ஏமாற்றுபவர்களும் இருக்கிறார்களே” என்கிறோம். இருக்கிறார்கள். விவேகம் வேண்டும்; பணத்துக்குப் பதில் உணவும், மருந்தும், நேரமும் கொடுக்கலாம். ஆனால் தம்மைக் காட்டிக்கொடுக்கப் போகிறவன் யார் என்று நன்கறிந்த ஆண்டவர், அந்த இரவிலே யூதாசின் கால்களைத் தாண்டிப் போனதாக யோவான் எழுதவில்லை.

“அரசு செய்யவேண்டியதை நாம் ஏன் செய்யவேண்டும்?” என்பது மூன்றாவது. அரசு செய்யவேண்டியதை அரசிடம் கேட்பது குடிமகனின் கடமை, கேட்கவேண்டும். பதில் வரும்வரை குளிரில் இருப்பவனுக்கு வேண்டியது போர்வை. உடையும் உணவும் இல்லாத சகோதரனை வாழ்த்துச் சொல்லி அனுப்பிவிடும் விசுவாசத்தைப்பற்றி யாக்கோபு என்ன எழுதினார் என்பதை நாம் அறிவோம் (யாக்கோபு 2:15-17).

அன்பு தூண்டிலாகலாமா?

மிஷனெரி பாரமுள்ள நம் உள்ளத்தில் எழும் இன்னொரு கேள்வி இவை எல்லாவற்றிலும் கடினமானது. சுவிசேஷம் சொல்லாமல் உதவி மட்டும் செய்தால் அது வெறும் சமூக சேவையல்லவா? சுவிசேஷம் சொல்வதற்காகவே உதவி செய்தால் அது தூண்டிலில் வைத்த இரையல்லவா?

இதற்கு ஆண்டவருடைய நடத்தையே விடை. பத்துக் குஷ்டரோகிகளை அவர் சுத்தமாக்கினார். ஒருவன் மட்டுமே திரும்பி வந்தான் (லூக்கா 17:11-19). ஒன்பது பேர் வராததற்காக அவர் வருந்தினார். ஆனால் அவர்களுடைய சுகத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. நன்றிக்காகவோ, விசுவாசத்துக்காகவோ அவர் சுகத்தை விலை பேசவில்லை. நிபந்தனை வைத்த உதவி, பெறுபவனை ஏழையாக்குவதோடு, கொடுக்கிறவனின் சுவிசேஷத்தையும் பொய்யாக்குகிறது. கிருபையைக்குறித்துப் பேசும் நாம் அதை வியாபாரம் செய்வது எப்படி?

மத்தேயு 25-ல் வலதுபக்கத்தில் நின்றவர்கள் வியப்படைந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். ஆண்டவருக்குத்தான் உணவு கொடுத்தோம் என்பது அவர்களுக்கே தெரியாது. அவர்கள் எதையும் கணக்கிடாமல் பசித்தவனைப் பசித்தவனாகவே பார்த்தார்கள். ஆண்டவர் அதைத் தம்முடைய கணக்கில் எழுதிக்கொண்டார்.

அப்படியென்றால் கிறிஸ்துவின் நாமத்தை மறைக்கவேண்டுமா? வேண்டாம். “நீங்கள் ஏன் இதைச் செய்கிறீர்கள்?” என்று ஒருவர் கேட்டால், சாந்தத்தோடும் மரியாதையோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கும்படி பேதுரு எழுதுகிறார் (1 பேதுரு 3:15). கேள்வி எழும்படி வாழ்வது நம் பொறுப்பு. கேட்டால் ஒளிக்காமல் சொல்வதும் நம் பொறுப்பு. உள்ளத்தைத் திறப்பது ஆவியானவரின் கிரியை. கேட்காவிட்டாலும் நாளையும் அதே அன்போடு போவதுதான் நாம் தூண்டில் போடவில்லை என்பதற்கு அத்தாட்சி.

டில்லியில் பங்களா சாகிப் குருத்வாராவின் லங்கரில் சாதி, மதம் கேளாமல் எல்லாரையும் ஒரே வரிசையில் அமர்த்தி உணவு பரிமாறுகிறார்கள். அதைக் காணும்போது, திருவிருந்து மேசையைச் சுற்றி நிற்கும் நாம் நம்மையே ஆராய்ந்து பார்ப்பது நல்லது.

நம் வாசலிலிருந்து தொடங்குவோம்

எய்ம்ஸுக்கு எதிரே வாழாதவர்களுக்கும் ஒரு வாசல் உண்டு. அது சமையலறையிலிருந்தே தொடங்குகிறது. வீட்டுவேலை செய்யும் சகோதரிக்குத் தனி டம்ளர் வைத்திருக்கும் வீட்டில், சுவரில் மாட்டிய வசன அட்டை யாருக்குச் சாட்சி? அடுக்குமாடியின் காவலாளியின் பெயர் நமக்குத் தெரியுமா? சாக்கடை சுத்தம் செய்ய வருபவர் தண்ணீர் கேட்கத் தயங்கி நிற்கிறாரா? சிறியவரில் ஒருவருக்குக் கொடுத்த ஒரு கலசம் குளிர்ந்த தண்ணீரும் மறக்கப்படாது என்று ஆண்டவர் வாக்களித்தார் (மத்தேயு 10:42). உச்சிவெயிலில் தண்ணீர் கேட்டவனுக்கு அது சிறிய காரியமல்ல.

தலைநகரிலுள்ள தேவஜனங்களுக்குத் தேவன் இன்னொரு தாலந்தையும் கொடுத்திருக்கிறார்; அது மொழி. தமிழ்நாட்டிலிருந்து சிகிச்சைக்கு வந்து, இந்தி தெரியாமல், எந்த வரிசையில் நிற்பது என்று விளங்காமல் தவிக்கும் ஒரு குடும்பத்துக்கு, படிவத்தை நிரப்பிக் கொடுத்து, மருத்துவர் சொன்னதைத் தமிழில் விளக்கும் ஒரு மணி நேரம் எத்தனை பெரிய ஆறுதல்! அதேபோல் எழுதப் படிக்கத் தெரியாத பீகார் விவசாயிக்கும் உதவலாம். இரத்தம் தேவைப்படுகிறவருக்கு இரத்ததானம் செய்யலாம். வாலிபர் கூடுகையில் மாதம் ஓர் இரவைக் குறித்து, சுடுநீரும் ரொட்டியும் கொண்டு செல்லலாம். புகைப்படம் எடுக்காமல் சென்று வந்தால் இன்னும் நல்லது. வலதுகை செய்வதை இடதுகை அறியவேண்டாம் என்ற கட்டளை கைப்பேசியின் காலத்துக்கும் உரியது.

அன்பானவர்களே, அந்த ஐசுவரியவானுக்கும் லாசருவுக்கும் நடுவே இறுதியில் கடக்க முடியாத பெரும்பிளவு உண்டாயிற்று. ஆனால் பூமியில் அவர்கள் இருவருக்கும் நடுவே இருந்தது ஒரு வாசல் மட்டுமே. அதைச் சில அடிகளில் கடந்திருக்கலாம். நமக்கும் இன்று இருப்பது ஒரு வாசல், ஒரு தெரு, மிஞ்சினால் ஒரு சாலை. நாளின் முடிவில் முழங்காற்படியிடும்போது, “ஆண்டவரே, இன்று என் வாசலில் இருந்தவர் யார்?” என்று கேட்போம். பெயர் தெரியவில்லையென்றால், நாளைக்குப் போய் அந்தப் பெயரைக் கேட்டு அறிவோம். கர்த்தர் தாமே நம் கண்களைத் திறந்து, நம் கால்களை அந்த வாசலுக்கு நடத்துவாராக! ஆமென்.