பீலித் தண்ணீர் போகுமிடம்

பக்கத்து வளவு மாமி எங்கள் வாசலுக்கு வந்து ஒருநாளும் குறை சொன்னவரில்லை. அந்த டிசம்பர்க் காலையில், முழங்கால் வரை நனைந்த சேலையோடு வந்து நின்றார். “மகன், ஒங்கட ஊட்டுத் தண்ணி எங்கட குசினிக்குள்ள நிக்கிது” என்றார். அவ்வளவுதான். கோபமாகப் பேசியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவரோ அடுப்பைத் தூக்கி மேசைமேல் வைத்துவிட்டு வந்திருந்தார்.

அதற்கு முந்திய கோடையில்தான் வளவு முழுக்க இன்டர்லொக் கல் பதித்தோம். கூட்டுவதற்கு இலேசு, காலில் மணல் ஒட்டாது, மோட்டார் சைக்கிள் நிறுத்த வசதி. றோட்டு உயர்ந்துவிட்டதே என்று ஓரடி கிறவல் போட்டு நிலத்தையும் உயர்த்தினோம். நாங்கள் உயர்ந்த அளவுக்கு மாமியின் வளவு தாழ்ந்துபோனது. அந்தக் காலை வரை அது என் கண்ணில் படவே இல்லை.

இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள சாய்ந்தமருதில் இது பல வீடுகளின் கதை. எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்கு. உம்மாவின் வளவிலேயே மூத்தவளுக்கு ஒரு வீடு, இளையவளுக்கு ஒரு வீடு, பிறகு அவர்களுடைய மகள்மாருக்கு. இருபது பேர்ச் வளவு இரண்டு தலைமுறையில் ஐந்து பேர்ச்சாகிறது. தென்னையும் முருங்கையும் நின்ற இடத்தில் கூரை. கூரை இல்லாத இடத்தில் சீமெந்து. கிழக்கே கடல் இருக்கிறதே, தண்ணீர் ஓடிவிடாதா என்று வெளியூர்க்காரர் கேட்பார்கள். கரையோர மணல் மேடு உயரம். ஊர்த்தண்ணீர் தோணா என்னும் நீரோடையையும் மேற்கே கரைவாகு வயல் வட்டையையும் தேடித்தான் போகவேண்டும். அந்த வட்டையிலும் மண் நிரப்பி வீடு கட்டியிருக்கிறோம். 2004 டிசம்பர் 26இல் கடல் வீட்டைக் கொண்டுபோனவர்களுக்கு வேறு எங்கே இடமிருந்தது? அதைக் குற்றமென்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் வளவில் நான் பதித்த கல்லுக்கு அப்படியொரு நியாயம் இல்லை.

மாமி போன பிறகு ஒரு ஹதீஸ் நினைவில் வந்து நின்றது. மதீனாவின் ஹர்ரா வாய்க்கால் தண்ணீருக்காக ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்ஸாரி ஒருவருக்கும் பிணக்கு. மேலே தோட்டம் வைத்திருப்பவர் தம் மரங்களுக்குப் பாய்ச்சிவிட்டுக் கீழே இருக்கும் அயலவருக்குத் திறந்துவிட வேண்டும் என்பதே நபியவர்கள் முதலில் சொன்ன தீர்ப்பு. அங்கே தண்ணீர் வரவில்லை என்று வழக்கு. இங்கே வந்துவிட்டது என்று வழக்கு. எப்படியானாலும் மேட்டில் இருப்பவன் பள்ளத்தில் இருப்பவரை நினைத்துத்தான் தண்ணீரைக் கையாள வேண்டும். என் கூரையில் விழுந்த மழையை நான் எங்கே விட்டேன்?

கணக்குப் பார்த்தேன். 1,000 சதுர அடிக் கூரையில் 1 அங்குல மழை பெய்தால் ஏறக்குறைய 2,350 லீற்றர். பத்து லீற்றர் வாளியால் 235 வாளி. மழை வலுத்தால் இந்தப் பக்கத்தில் ஒரு மணித்தியாலம்கூட வேண்டாம், அத்தனையும் பீலி வழியாக மதிலடிக்குப் போய்விடும்.

இதற்கு ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், பிரின்ஸ் ஜோர்ஜஸ் கவுண்டியில், 1990 அளவில் சொமர்செட் என்றொரு வீட்டுத்திட்டம் கட்டியபோது, மழைநீரைச் சேர்க்கப் பெரிய குளம் வெட்டாமல் வீட்டுக்கு வீடு ஒரு செடிப்பள்ளம் வைத்தார்கள். மழைத்தோட்டம் என்ற பேச்சு உலகெங்கும் பரவியது அதற்குப் பிறகுதான். ஆழமில்லாத பள்ளம், கூரைத் தண்ணீர் அதில் விழுந்து, ஒரு நாளுக்குள், மிஞ்சினால் இரண்டு நாளுக்குள், மண்ணுக்குள் இறங்கிவிட வேண்டும். செடிகளின் வேர் மண்ணை இறுகவிடாது.

அப்படியொரு பள்ளத்துக்காக, வீட்டுச் சுவரிலிருந்து பத்தடி தள்ளி, மலசலகூடக் குழிக்கு எதிர்ப்புறமாக, பத்துக்கு எட்டடி இடத்தில் கல்லைக் கிளப்பினேன். முதலில் கிறவல். அதில் சின்னக் குழி எடுத்துத் தண்ணீர் ஊற்றினேன். அஸருக்கு ஊற்றியது இஷா வரைக்கும் அசையாமல் நின்றது. மறுநாள் இன்னும் தோண்டினேன். கிறவலுக்குக் கீழே செங்கல் துண்டும் ஓட்டுத் துண்டும். சுனாமியில் இடிந்த சுவர்களைத்தான் அந்தக் காலத்தில் பள்ளங்களுக்குப் போட்டு நிரப்பினோம். நீலப்பூ போட்ட பீங்கான் துண்டொன்று மண்வெட்டியில் தட்டுப்பட்டது. எந்த வீட்டுக் கோப்பையோ. கழுவிக் கிணற்றுக் கட்டில் வைத்தேன், இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதற்கும் கீழே போனதும் வெள்ளை மணல். இந்த முறை ஊற்றிய வாளித் தண்ணீர், பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடிவதற்குள் காணாமற் போனது.

மணலை நிரப்பி, மேலே சாணியும் இலைக்குப்பையும் கலந்து, அரையடிப் பள்ளமாக விட்டேன். நடுவில் வெட்டிவேரும் கோரையும். கரையில் கல்வாழை, வல்லாரை, பொன்னாங்காணி. கச்சான் காற்றுக் காலத்தில் வல்லாரை கருகிப்போனது, வெட்டிவேர் நின்றது.

கிணற்றைப் பற்றி நான் யோசித்ததும் அதற்குப் பிறகுதான். கரையோர மணலில் நன்னீர் உப்புத்தண்ணீரின்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பதடிக்கு அது உப்பை அமுக்கி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீர்க் கணக்கு. சுனாமிக்குப் பிறகு கிணறுகளை இறைத்து இறைத்துப் பார்த்தோம். அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறிவிடும் என்று எச்சரித்தார்கள். கடைசியில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவியது மாரி மழைதான். அந்த மழை இறங்கும் வழியைத்தான் நான் காசு கொடுத்துக் கல்லால் மூடியிருந்தேன்.

இந்தப் பள்ளம் எல்லாவற்றுக்கும் மருந்தென்று சொல்லமாட்டேன். இது கொள்வது 1,100 லீற்றர் சொச்சம். அரை அங்குல மழைக்குச் சரி. மாரி முற்றிக் கிணறு கைக்கெட்டும் தூரத்துக்கு ஏறிவிட்டால் மணலும் குடிக்காது. அந்த வாரங்களில் தண்ணீர் நின்றால் வாளியால் இறைத்துவிடுகிறேன்; நுளம்பு முட்டை பொரித்துப் பறக்க ஒரு வாரம் போதும், டெங்கு இந்த ஊருக்குப் புதிதில்லை. 2024 நவம்பர் 26இல் மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தோடு மத்ரஸாப் பிள்ளைகளை அடித்துக்கொண்டுபோன வெள்ளத்தின் முன்னால் ஒரு வளவுப் பள்ளம் என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. அந்தப் பிள்ளைகளை நினைக்கும்போது கை இன்னும் மண்வெட்டியைத்தான் தேடுகிறது.

பள்ளம் வெட்டிய பிறகு வந்த மாரியில் இரண்டு நாள் விடாமல் பெய்தது. இரவில் டோர்ச் அடித்துக்கொண்டு மதிலடிக்குப் போனேன். மாமியும் அந்தப் பக்கம் நின்றார். தண்ணீர் அவர் குசினிப் படியின் அடியில் நின்றது, மேலே ஏறவில்லை. “மிச்சத் தண்ணி எங்க மகன் போன?” என்று கேட்டார். கிணற்றைக் காட்டினேன். கிளப்பிய கற்களில் கொஞ்சத்தை அவர் அடுப்புக்குத் திண்ணை கட்ட எடுத்துப்போயிருந்தார். மற்றவை பின்வளவில் அடுக்கியபடி கிடக்கின்றன.

முன்வளவு இன்னும் கல்தான். வாற கோடையில் அதில் பாதியையும் கிளப்ப வேண்டும். மோட்டார் சைக்கிளை எங்கே நிறுத்துவது என்று மகன் கேட்கிறான். இன்னும் அவனுக்குப் பதில் சொல்லவில்லை.