அறியாததை மன்னிக்க இயலுமா?

போர் ஓய்ந்த நாட்டில் நடந்த கொடுமைகளைத் தோண்டி எடுத்து விசாரிப்பது அறமா, அல்லது ஆறத் தொடங்கிய புண்ணைக் கீறிவிடும் செயலா என்ற கேள்வி, சட்ட அறிஞர்களுக்கே உரியதாகத் தோன்றினாலும், அடிப்படையில் சமயமும் மெய்யியலும் விடை காண வேண்டிய கேள்வியாகும். மனித உரிமை மீறல் விசாரணை என்பது, அரசோ ஆயுதக் குழுவோ குடிமக்கள்மீது இழைத்த கொலை, சித்திரவதை, ஆட்கடத்தல் முதலியவற்றைச் சாட்சியங்களாலும் தடயங்களாலும் நிறுவி, யார் யாருக்கு எங்கே இழைத்தனர் என்று பதிவு செய்யும் பணியாகும். இப்பணியை எதிர்ப்போர் பெரும்பாலும் மன்னிப்பு, சமாதானம் என்னும் சமயச் சொற்களைக் கொண்டே எதிர்க்கின்றனர்; ஆதலால் அச்சொற்களின் பொருளை ஆராயாமல் இக்கேள்விக்கு விடை காண இயலாது.

மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் வரலாறு இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற களமாகும். அங்கு 1960 முதல் 1996 வரை 36 ஆண்டுகள் நீடித்த உள்நாட்டுப் போரில் 2,00,000-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டோ காணாமல் ஆக்கப்பட்டோ இருக்கலாம் என்றும், அடையாளம் காணப்பட்டவர்களுள் 83 விழுக்காட்டினர் அம்மண்ணின் தொல்குடிகளான மாயா மக்கள் என்றும், பதிவான மீறல்களுள் 93 விழுக்காட்டுக்கு அரசுப் படைகளும் அவற்றைச் சார்ந்த துணைப் படைகளுமே பொறுப்பு என்றும், ஐக்கிய நாடுகள் அவையின் துணையோடு அமைந்த வரலாற்றுத் தெளிவுறுத்தல் ஆணையம் 1999-ஆம் ஆண்டில் அறிவித்தது. எனினும், அவ்வாணையத்தைத் தோற்றுவித்த உடன்படிக்கை, குற்றம் இழைத்த தனிமனிதர்களைப் பெயர் சுட்டிக் குறிப்பிட அதற்கு உரிமை அளிக்கவில்லை.

அவ்வாணையத்துக்கு முன்பே, கத்தோலிக்கத் திருச்சபையின் ஆயர் ஹுவான் ஹெரார்தி 'வரலாற்று நினைவு மீட்பு' என்னும் திட்டத்தைத் தொடங்கி நடத்தினார். பங்குகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டுப் பயிற்சி பெற்ற தொண்டர்கள் ஊர் ஊராகச் சென்று, மாயா மொழிகளிலேயே மக்கள் பேசக் கேட்டு, 5,000-க்கும் மேற்பட்ட சாட்சியங்களைத் திரட்டினர். நான்கு தொகுதிகளாக அமைந்த அறிக்கை 1998 ஏப்ரல் 24 அன்று தலைநகரின் பேராலயத்தில் வெளியிடப்பட்டது. ஏப்ரல் 26 இரவு ஆயர் தம் பங்கு இல்லத்தில் தலை நசுக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அக்கொலை தொடர்பாக மூன்று இராணுவத்தினரோடு ஒரு குருவும் 2001-இல் தண்டிக்கப்பட்டமை, உண்மையை நாடிய திருச்சபையும் அவ்வுண்மையின் விசாரணைக்கு அப்பாற்பட்டதன்று என்பதைக் காட்டிற்று.

விசாரணையை மறுப்போரின் வாதத்தை அதன் வலிமையான வடிவில் எடுத்துக்கொள்வதே நேர்மையாகும். வாய்மை என்பது பிறர்க்குத் தீங்கு தராத சொல்லே என்றும், குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்றும் வள்ளுவர் வகுத்திருப்பதால், சமாதானத்தைக் காக்கும் மௌனமும் வாய்மையாகாதா என்று ஒருவர் கேட்கலாம். ஆனால், வள்ளுவர் அந்நன்மை குற்றமற்றதாக இருக்க வேண்டும் என்று வரையறுத்ததை அவ்வாதம் கருதுவதில்லை. மகன் எங்கே என்று அறியாத தாய் தன் வாழ்நாளெல்லாம் விலை கொடுக்க, கொன்றவன் மட்டும் நிம்மதியாக உறங்கும்படி வாய்க்கும் அமைதி, குற்றமற்ற நன்மை ஆகாது.

மன்னிப்பு என்னும் சொல்லும் இவ்வாறே தவறாகக் கையாளப்படுகிறது. குற்றவாளிகள்மீது வழக்கு இல்லை என அரசு அறிவிப்பதைத் தமிழில் பொதுமன்னிப்பு என்கிறோம்; ஆயினும் மன்னிக்கும் உரிமை தீங்குற்றவருக்கே உரியதாகலின், தன் படைகளாலேயே தீங்கிழைத்த அரசு அதனை வழங்குவது, கடன் பட்டவனே தன் கடனைத் தள்ளுபடி செய்துகொள்வதற்கு ஒப்பாகும். கத்தோலிக்க மரபில் பாவசங்கீர்த்தனம் எனவும் ஒப்புரவு அருட்சாதனம் எனவும் வழங்கும் சடங்குகூட, செய்த பாவத்துக்கு மனம் வருந்துதல், அதனை வாயால் அறிக்கையிடுதல், பரிகாரம் செய்தல் என்னும் மூன்றையும் பாவம் செய்தவரிடம் வேண்டுகிறது. இறைவனே அறிக்கையைக் கேட்டு மன்னிக்கிறான் என்று கற்பிக்கும் மரபில் நின்றுகொண்டு, கைம்பெண் ஒருத்தியிடம், எதையும் கேளாமல் மன்னித்துவிடு என்று சொல்வது முரணாகும். தென்னாப்பிரிக்காவில் அரசியல் குற்றங்களுக்கு மன்னிப்பு வழங்க முன்வந்த சட்டம்கூட, செய்ததை முழுமையாக வெளிப்படுத்துவதை அதற்கு நிபந்தனையாக வைத்தது.

உயிரோடிருப்போருக்குச் செய்யும் கடமையோடு இறந்தோர்க்குச் செய்யும் கடமையும் இதில் உண்டு. எலும்புகளை ஆய்ந்து வயது, பால், காயம் ஆகியவற்றைக் கண்டறியும் துறையான தடயவியல் மானிடவியலில் பயின்றோர் குவாத்தமாலாவில் 1990-களின் தொடக்கம் முதல் புதைகுழிகளைத் திறந்து வருகின்றனர். கரண்டியாலும் தூரிகையாலும் மண்ணைச் சிறிது சிறிதாக அகற்றும்போது, மண்டையோட்டில் ஒரு துளை தென்படுகிறது; அதன் விளிம்பு உட்புறம் அகன்றிருந்தால், குண்டு அவ்வழியே உள்ளே நுழைந்தது என்று அறியப்படுகிறது. குழியின் ஓரத்தில் நிற்கும் பெண்களோ, மாயா ஊர்கள் பலவும் தமக்கெனத் தனி நெசவுக் கோலம் உடையவையாதலின், மக்கிய துணியில் எஞ்சிய ஒரு கோலத்தைக் கொண்டே இறந்தவர் எந்த ஊரினர் என்று சொல்லிவிடுகின்றனர். கோபான் நகரின் பழைய இராணுவ முகாமில் மட்டும் 500-க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் மீட்கப்பட்டுள்ளன. காணாமல் ஆக்கப்படுதல் என்பது, ஒருவரைக் கைப்பற்றியபின் அவர் தம்மிடம் இல்லை என்று மறுப்பதாகும். அம்மறுப்பு இறந்தவருக்குச் சாவையும், உறவினருக்கு ஈமக்கடனையும் ஒருங்கே மறுக்கிறது. எலும்புகளைப் பெட்டியிலிட்டு, பெயர் எழுதி, ஊர்க் கல்லறையில் அடக்கம் செய்யும் நாளில்தான் அம்மறுப்பு முடிவுக்கு வருகிறது.

உண்மை வெளிப்பட்டாலும் நீதி கிடைப்பது உறுதியில்லை என்பதும் மறுக்க முடியாதது. மாயா மக்களுள் ஒரு பிரிவினரான இஷில் மக்களுக்கு எதிரான இனப்படுகொலைக்காகவும் மானுடத்துக்கு எதிரான குற்றங்களுக்காகவும் முன்னாள் ஆட்சியாளர் எஃப்ரைன் ரியோஸ் மோன்ட்டுக்கு 2013 மே 10 அன்று 80 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பத்தே நாளில் அரசியலமைப்பு நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. மறுவிசாரணை முடியுமுன் 2018-இல் அவர் இறந்தார். ஆயினும் அவ்வழக்கில் இஷில் பெண்கள் எழுந்து நின்று, தம் மொழியில், தமக்கு நேர்ந்த வன்கொடுமையை அவர் முன்னிலையிலேயே உரைத்த சாட்சியம் நீக்கப்படக்கூடியதன்று. தண்டனை நீதிமன்றத்தின் கையில் இருக்கிறது. மன்னிப்பு தீங்குற்றவரின் விருப்பத்தில் இருக்கிறது. இவ்விரண்டுக்கும் முந்தியதாகிய அறிதல் மட்டும் சமூகம் முழுவதன் கடனாக நிற்கிறது. ஆகவே, விசாரணையைச் சமாதானத்தின் பகையாகக் கருதுவது பிழை. அதனைத் தவிர்த்துச் சொல்லப்படும் மன்னிப்பு, மன்னிப்பு ஆகாது.

ஆயரின் அறிக்கை வெளியிடப்பட்ட அதே பேராலயத்தின் முகப்புத் தூண்களில், கொல்லப்பட்டோரும் காணாமல் ஆக்கப்பட்டோருமான ஆயிரக்கணக்கானோரின் பெயர்கள் இன்று கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன.