வளையமும் அமானிதமும்

ஒரத்தநாட்டு மக்கள் இரயிலேற வேண்டுமாயின் தஞ்சைக்கோ பட்டுக்கோட்டைக்கோ செல்ல வேண்டும். ஆயினும் ஒற்றைப் பாதையில் வண்டிகள் ஓடிய காலத்தை நம்மில் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். எதிரெதிரே வரும் இரு வண்டிகள் ஒரு நிலையத்தில் சந்தித்து விலகிச் செல்லும். அங்கே ஓட்டுநர் ஒரு வளையத்தைக் கொடுத்து, மற்றொன்றைப் பெற்றுச் செல்வார்.

அவ்வளையத்தின் பையில் ஓர் உலோக உருண்டை இருக்கும். அடுத்தடுத்த இரு நிலையங்களின் கருவிகள் மின்கம்பியால் பிணைக்கப்பட்டவை. எதிர்நிலைய அதிபர் இசைந்தாலன்றி இந்நிலையத்தில் உருண்டை வெளிவராது. வெளிவந்தது மீண்டும் ஒரு கருவிக்குள் சேரும்வரை வேறொன்றும் வெளிவராது. உருண்டை கைக்கு வராமல் எவ்வண்டியும் அப்பாதையில் புகலாகாது.

தவற்றைப் பொறியே தடுத்துவிடுமாயின் மனிதனின் நாணயத்திற்கு அங்கே என்ன வேலை? பூட்டுப் போடுவது, நம்பிக்கையின்மையைக் காட்டுவது ஆகாதா?

திருமறையின் மிக நீண்ட வசனம், கடனை எழுதிச் சாட்சி வைத்துக்கொள்ளப் பணிப்பதாகும். மூமின்களைப் பார்த்தே அது பேசுகிறது. அவர்களைக் கள்வரென ஐயுற்றதனால் அன்று. மறதி மனித இயல்பு என்பதனால். ஆகவே பூட்டு நல்லவனுக்கு இழிவன்று, துணையே.

எனினும் பூட்டைச் செய்வதும் பழுது பார்ப்பதும் மனிதக் கைகளே. 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில், சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு வண்டிக்குப் பச்சை விளக்கு எரிந்தது. ஓட்டுநர் அதை நம்பினார். பாதையோ, சரக்கு வண்டி நின்ற கிளைத்தடத்திற்குத் திருப்பப்பட்டிருந்தது. 290-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். முன்னரே நடந்த சிக்னல் இணைப்பு மாற்றப் பணியின் குறைபாட்டை விசாரணை சுட்டிற்று. விளக்கை நம்பிய ஓட்டுநர்மீது பிழையில்லை. விளக்கின் பின்னிருந்த வேலையிலேதான் பிழை.

இதனால் நாம் உணர்வது யாது? பொறி நாணயத்தை நீக்கிவிடவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்திற்கு அதை நகர்த்தியிருக்கிறது. ஓட்டுநரை நாம் காண்கிறோம்; கம்பியை இணைத்தவரை எவரும் காண்பதில்லை. காணப்படாத இடத்தில் செய்யும் பணியில்தான் தக்வாவின் சோதனை இருக்கிறது.

இது இரயிலுக்கு மட்டுமா? மருந்து அளந்து தருபவர், மின்கம்பி பொருத்துபவர், கணக்கு எழுதுபவர் ஆகிய அனைவர் கையிலும் முன்பின் அறியாதவரின் உயிரும் பொருளும் அமானிதமாக இருக்கின்றன. வளையம் நமக்குச் சொந்தமன்று. அடுத்த நிலையத்தில் பழுதின்றி ஒப்படைக்கவே நாம் அதை ஏந்துகிறோம். அதற்குரிய விழிப்பை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.