திரும்பத் தெரிந்தவர்கள்

பிள்ளை மலையேறப் போகிறேன் என்றாலும் சரி, கடலில் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றாலும் சரி, நம் வீடுகளில் பெரியவர்கள் கேட்கும் முதற்கேள்வி ஒன்றுதான்: "இதனால் என்ன பிரயோஜனம்?" கைகால் முறிந்தால் யார் பார்ப்பது என்பது அடுத்த கேள்வி. இரண்டாவது கேள்வியில் பாசம் இருக்கிறது. முதற்கேள்வியில் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கை ஏளனம் செய்ய எனக்கு மனம் வருவதில்லை. மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவிடும் குடும்பத்தில் ஞாயிற்றுக்கிழமையும் ஒரு செலவுதான். அந்தச் செலவுக்கு வரவு என்ன என்று கேட்பது குற்றமாகாது.

இக்காலத்தில் அதற்குத் தயாராக ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். ஆபத்தோடு விளையாடும் பொழுதுபோக்கு ஒருவனை உத்தியோகத்தில் சிறந்தவனாக்கும் என்கிறார்கள். துணிவு வளருமாம், நிதானம் வருமாம், பத்துப் பேரோடு ஒத்து உழைக்கும் குணம் படியுமாம். பெரிய கம்பெனிகள் தங்கள் ஊழியர்களைச் செலவு செய்து மலைச்சாரல்களுக்கு அனுப்பி வைக்கின்றன.

இந்த நம்பிக்கை நேற்றுப் பிறந்ததன்று. 1941-ஆம் ஆண்டு, உலக யுத்தம் உச்சத்தில் இருந்த நாளில், வேல்ஸ் நாட்டுக் கடற்கரையில் அபெர்டோவி என்ற ஊரில் ஒரு பள்ளி தோன்றியது. அவுட்வர்ட் பவுண்ட் என்பது அதன் பெயர். ஜெர்மனியிலிருந்து வந்த கல்வியாளர் கர்ட் ஹானும், கப்பல் முதலாளி லாரன்ஸ் ஹோல்ட்டும் சேர்ந்து தொடங்கியது அது. கப்பல் மூழ்கி உயிர்காப்புப் படகில் தத்தளிக்கும்போது, உடல்வலு மிக்க இளைஞர்களைவிட வயதான மாலுமிகளே அதிகம் தாக்குப்பிடிக்கிறார்கள் என்பது ஹோல்ட்டின் கருத்து. தசையில் இல்லாத ஏதோ ஒன்று அந்தக் கிழவர்களிடம் இருந்தது. அதை மலையிலும் கடலிலும் பழக்கி இளைஞர்களுக்குக் கற்றுத் தந்துவிடலாம் என்று அந்தப் பள்ளி முயன்றது.

இதில் உண்மை இருக்கிறது. ஆனால் முழுவதும் ஏற்றுக்கொள்ளத் தயக்கமாகவும் இருக்கிறது. கயிற்றில் முடிச்சுப் போடும் திறமை பாங்கிக் குமாஸ்தாவுக்கு எதற்கு உதவும்? துணிவாவது உதவுமா என்றால் அதுவும் நிச்சயமில்லை. மலைமேல் புலியாகப் பாய்கிறவன் மேலதிகாரியின் அறைக்குள் எலியாக நுழைவதுண்டு. புயலுக்கு அஞ்சாதவன் பொய்க் கணக்கில் கையெழுத்துப் போடச் சொன்னால் பேனாவை எடுத்துவிடுவதுண்டு. ஓரிடத்துத் துணிவு மற்றோர் இடத்துக்குத் தானாக நடந்து வந்துவிடுவதில்லை.

அப்படியானால் ஒன்றுமே வருவதில்லையா? ஒன்று வரக்கூடும் என்று நினைக்கிறேன். விளம்பரங்களில் அதைச் சொல்வதில்லை. ஏறக் கற்பதை எல்லோரும் சொல்கிறார்கள். நான் சொல்வது, திரும்பக் கற்பதை.

1953-ஆம் ஆண்டு மே மாதம் 29-ஆம் தேதி எவரெஸ்டின் உச்சியில் டென்சிங்கும் ஹிலாரியும் நின்றார்கள் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அதற்கு மூன்று நாள் முன்பு, 26-ஆம் தேதி, அதே கூட்டத்தைச் சேர்ந்த வேறு இருவர் அந்தச் சிகரத்தை நோக்கிப் போனார்கள். ஒருவர் சார்லஸ் இவான்ஸ். தொழிலில் அறுவைச் சிகிச்சை மருத்துவர். மற்றவர் டாம் போர்டில்லன், பௌதிக விஞ்ஞானி. இருவருக்கும் மலை பிழைப்பன்று, பிரியம். பிற்பகல் சுமார் ஒரு மணிக்குத் தென்சிகரம் என்னும் இடத்தை அடைந்தார்கள். அதுவரை மனிதர் எவரும் ஏறியதாக உறுதியாகத் தெரிந்த உயரங்களில் அதுவே மிக அதிகம். உச்சி இன்னும் சுமார் 300 அடி உயரத்தில் கண்ணெதிரே நின்றது.

போர்டில்லன் மேலே போக ஆசைப்பட்டார். ஆசைப்படாமல் இருக்க முடியுமா? அவர்கள் முதுகில் இருந்த பிராணவாயுக் கருவியே அவரும் அவர் தந்தையும் சேர்ந்து உருவாக்கியது. இவான்ஸின் கருவியோ கோளாறாகி அவரைத் திணற அடித்துக்கொண்டிருந்தது. எஞ்சியுள்ள வாயு எவ்வளவு, உச்சிக்குப் போக எத்தனை மணி, கீழே இறங்க எத்தனை மணி என்று கூட்டிப் பார்த்தார்கள். போகலாம், திரும்ப முடியாது. விடை அப்படித்தான் வந்தது. இருவரும் திரும்பினார்கள். இறங்கும் வழியில் தளர்ச்சியால் பலமுறை சறுக்கி விழுந்து, இருட்டுமுன் முகாமை அடைந்தார்கள்.

அவர்கள் கொண்டு வந்த செய்தி, அடுத்துப் போனவர்களுக்கு வழி சொல்லிற்று. அதைவிடப் பெரிய உதவியும் ஒன்று உண்டு. இன்னும் ஓரளவு வாயு மிஞ்சியிருந்த இரண்டு பிராணவாயுக் குப்பிகளை அவர்கள் மலைமுகட்டில் விட்டு வந்திருந்தார்கள். உச்சியைத் தொட்டுத் திரும்பிய ஹிலாரியும் டென்சிங்கும் அந்த இரண்டு குப்பிகளின் துணையோடுதான் கீழே வந்து சேர்ந்தார்கள்.

"பயந்து திரும்பியதற்கு இவ்வளவு பாராட்டா?" என்று வாசகர் கேட்கலாம். பயந்தவன் அடிவாரத்திலேயே திரும்பியிருப்பான். ஆயிரம் தடையைக் கடந்து வந்தவன், கடைசி 300 அடியில் ஆசையை ஒரு பக்கமும் கணக்கை ஒரு பக்கமும் வைத்துக் கணக்குக்குத் தலைவணங்குவது வேறு காரியம். மரத்தின் நுனிக்கிளைக்கு ஏறிவிட்டவன் அதற்கு மேலும் ஏற முயன்றால் உயிருக்கே முடிவாகும் என்று வள்ளுவர் 'வலியறிதல்' அதிகாரத்தில் எச்சரிக்கிறார். அந்தக் குறளைப் படித்துப் பரீட்சை எழுதித் தேறியவர்கள் நம்மில் ஆயிரக்கணக்கானோர். கிளையில் நின்றபடி அதை நினைவுகூர்ந்தவர்கள் எத்தனை பேர்?

இவான்ஸின் கதை இதோடு முடியவில்லை. 1955-இல் கஞ்சன்ஜங்கா சிகரத்துக்குச் சென்ற கூட்டத்துக்கு அவரே தலைவர். உலகின் மூன்றாவது உயரமான சிகரம் அது. சிக்கிம் மக்களுக்குத் தெய்வம். உச்சியில் கால் வைப்பதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டு ஏறினார்கள். மே 25-ஆம் தேதி ஜோ பிரௌனும் ஜார்ஜ் பாண்டும் உச்சிக்குச் சில அடி கீழே நின்றுவிட்டார்கள். அங்கே அவர்களைப் பார்க்க ஒருவரும் இல்லை. நாலடி எடுத்து வைத்திருந்தால் கேட்பாரில்லை. வாக்கு மட்டும் இருந்தது. மறுநாள் ஏறிய இருவரும் அப்படியே நின்று திரும்பினார்கள். எவரெஸ்டில் கணக்கு நிறுத்தியது. இங்கே சொன்ன சொல் நிறுத்தியது. இரண்டு விதத்திலும் நிற்கத் தெரிந்தவனைத்தான் நான் தேறியவன் என்பேன்.

மலையில் கற்றதை இவான்ஸ் மருத்துவமனைக்குக் கொண்டு போனாரா, அல்லது மருத்துவமனையில் கற்றதை மலைக்குக் கொண்டு போனாரா? இரண்டும் நடந்திருக்கலாம். நான் கேட்பது வேறு. வெறும் உத்தியோகத்திலேயே இருந்து இதைக் கற்க முடியாதா? முடியும், ஆனால் மிகவும் கஷ்டம்.

காரணம் எளிது. உத்தியோகத்தில் நம்முடைய சோறு இருக்கிறது, பெயர் இருக்கிறது, பிறர் நம்மைப் பற்றி வைத்திருக்கும் நினைப்பு இருக்கிறது. தவறான வழியில் பாதி தூரம் வந்துவிட்டோம் என்று தெரிந்த பிறகும், "இவ்வளவு தூரம் வந்தாயிற்றே" என்ற ஒரு வாக்கியம் நம்மைப் பிடித்து மேலே தள்ளுகிறது. நஷ்டம் என்று தெரிந்த வியாபாரத்தில் இன்னும் பணம் போடச் செய்வது அதுதான். நேற்று அனுப்பிய கணக்கில் பிழை என்று தெரிந்தும் இன்று அதன்மேல் இன்னொரு கணக்கை அடுக்கச் செய்வதும் அதுதான். காரியாலயத்தோடு அது நிற்பதுமில்லை. மாப்பிள்ளையைப் பற்றி ஒரு கெட்ட செய்தி காதில் விழுகிறது. விசாரித்தால் உண்மை என்று தெரிகிறது. "பத்திரிகை அடித்தாயிற்றே, மண்டபத்துக்கு அச்சாரம் கொடுத்தாயிற்றே" என்று கல்யாணத்தை நடத்திவிடுகிறார்கள். அச்சாரப் பணம் போகக்கூடாது என்பதற்காக ஒரு பெண்ணின் வாழ்க்கை போகிறது. 300 அடியில் திரும்பத் தெரிந்த ஒருவர் அந்த வீட்டில் இல்லாமற் போனாரே என்று நினைத்துக்கொள்வேன்.

பொழுதுபோக்கில் இந்தக் கட்டுகள் இல்லை. சிகரத்தை விட்டுத் திரும்பினால் சம்பளம் குறையாது; வேலை போகாது. போவது ஆசை ஒன்றுதான். மிகவும் விரும்பிய ஒன்றைக் கைக்கெட்டும் தூரத்தில் விட்டுவிட்டு வந்து, அன்று இரவும் உண்டு உறங்க முடிகிறது என்பதை உடம்பே தெரிந்துகொள்கிறது. அப்படிப் பழகிய உடம்பு, பெரிய நஷ்டம் எதிரே நிற்கும் நாளில் அவ்வளவாக நடுங்காது.

ஆகவே, சாகஸம் எதையும் கற்பிப்பதற்கு அது விளையாட்டாகவே இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. விளையாட்டு பிழைப்பாக மாறினால் என்ன நேரும் என்பதற்கு ஒரு துயரக் கதை உண்டு.

1968-இல் லண்டன் பத்திரிகை ஒன்று, தனியாக ஒருவர் எங்கும் நிற்காமல் பாய்மரப் படகில் உலகைச் சுற்றிவரும் பந்தயத்தை அறிவித்தது. டொனால்ட் கிரௌஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேயர் அதில் சேர்ந்தார். கப்பல்களுக்கு உதவும் மின்னணுக் கருவிகள் செய்யும் சிறு கம்பெனி அவருடையது. படகு ஓட்டுவது அவருடைய ஓய்வுநாள் பொழுதுபோக்கு. கம்பெனி நொடித்துக்கொண்டிருந்தது. பந்தயத்தில் வென்றால் தூக்கி நிறுத்திவிடலாம் என்று நினைத்தார். ஒரு செல்வந்தர் படகுக்குப் பணம் கொடுத்தார். பயணம் தோற்றால் கம்பெனியே அந்தப் படகை விலைகொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது ஒப்பந்தம். புறப்படுவதற்குக் கெடுவான அக்டோபர் 31-ஆம் தேதி, வேலை முடியாத படகில் ஏறிப் புறப்பட்டார்.

இரண்டு வாரத்திலேயே படகு ஒழுகத் தொடங்கிற்று. தென்சமுத்திரத்தின் அலைகளுக்கு இது தாங்காது என்று அவருக்குத் தெரிந்தது. குறைகளை எல்லாம் வரிசையாக எழுதியும் வைத்தார். இவான்ஸ் போட்ட கணக்கைத்தான் அவரும் போட்டார். விடையும் அதேதான். ஆனால் அவரால் திரும்ப முடியவில்லை. திரும்பினால் கடன், திரும்பினால் ஊர் சிரிக்கும். முன்னே போகவும் வழியின்றி, பின்னே வரவும் வழியின்றி, அட்லாண்டிக் சமுத்திரத்திலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றுவதாகப் பொய்ச்செய்தி அனுப்பினார். போகாத இடத்தில் சூரியன் எந்த உயரத்தில் தெரியும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டுப் பொய்க்குறிப்பு எழுதுவது, உண்மையாகப் படகு ஓட்டிக் குறிப்பு எழுதுவதைவிடக் கடினமான வித்தை. திறமைக்கு அவரிடம் குறைவே இல்லை.

அந்தப் பொய்யை நம்பி, அவர் பின்னால் நெருங்குகிறார் என்று எண்ணிப் படகை மிஞ்சி விரட்டிய நைஜல் டெட்லி, 1969 மே மாதத்தில் அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே தம் படகைப் பறிகொடுத்தார்; அவரை மீட்டார்கள். ஜூலை 10-ஆம் தேதி கிரௌஹர்ஸ்டின் படகை ஒரு கப்பல் கண்டெடுத்தது. உள்ளே ஆள் இல்லை. நாட்குறிப்புகள் மட்டும் இருந்தன. பந்தயத்தை முடித்த ஒரே மனிதரான ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், தமக்குக் கிடைத்த 5,000 பவுன் பரிசை கிரௌஹர்ஸ்டின் மனைவிக்கும் நான்கு குழந்தைகளுக்கும் கொடுத்துவிட்டார்.

கதை எழுதுகிறவன் இப்படிப்பட்ட மனிதரை வில்லனாக்க மாட்டான். அவர் நம்மில் ஒருவர். மாதக் கடைசியில் ஒரு சிறு பொய்யைச் சொல்லி, அதைக் காப்பாற்ற மறுமாதம் இன்னொன்று சொல்லி, பிறகு திரும்பும் வழி அடைபட்டுப் போன குமாஸ்தாவும் தொழிலதிபரும் மந்திரியும் அவருடைய உறவினர்களே. கடல் அவருக்கு விளையாட்டாக இருந்த நாளில் காற்று மாறினால் அவர் தயங்காமல் கரைக்குத் திரும்பியிருப்பார். அந்தக் கடலையே அவர் கடனுக்கு ஈடாக வைத்தபோது அது கற்பிப்பதை நிறுத்திக்கொண்டது.

ஆகையால், தலைமைப் பண்பு வளரும், பதவி உயர்வு கிடைக்கும் என்று மலையேறப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அவர்கள் காரியாலயத்தையும் மூட்டையில் கட்டிக்கொண்டு ஏறுகிறார்கள்.

மலை எப்போதும் நல்ல ஆசிரியர் என்றும் நான் சாதிக்க மாட்டேன். எவரெஸ்டில் திரும்பி வந்த போர்டில்லன் 1956-இல் சுவிட்ஜர்லாந்து மலையொன்றில் விழுந்து இறந்தார். அப்போது அவருக்கு வயது 32. கணக்கை மதிப்பவனையும் மலை சில வேளை விட்டுவைப்பதில்லை. கைகால் முறிந்தால் யார் பார்ப்பது என்ற அந்த இரண்டாவது கேள்விக்கு, ஏறுகிறவன் தன் வீட்டாருக்கு நேர்மையாகப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். எவரெஸ்ட்தான் வேண்டுமென்பதுமில்லை. ஒரு குன்றும், ஒரு சைக்கிளும், நீந்தத் தெரிந்த துணையோடு ஓர் ஆறும் போதும். இருட்டுமுன் திரும்ப வேண்டும் என்று ஒரு விதியை வைத்துக்கொண்டு, ஆசை எவ்வளவு இழுத்தாலும் அதற்குக் கட்டுப்பட்டுப் பார்த்தால் போதும்.

"இதனால் என்ன பிரயோஜனம்?" என்று கேட்கும் பெரியவருக்கு என் பதில் இதுதான். ஐயா, உங்கள் பிள்ளை சிகரத்தைத் தொடுவானோ மாட்டானோ, எனக்குத் தெரியாது. ஆனால் ஒருநாள் அவன் முன்னால் ஒரு தவறான காகிதம் வரும். எல்லோரும் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அவன் ஒருவனுடையதுதான் பாக்கி. அன்று அந்தக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு எழுந்து வர அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு முன்பே எங்காவது ஒரு சின்னக் குன்றின் பாதியில் அவன் திரும்பிப் பழகியிருந்தால் நல்லது.