உடைந்த விமானமும் பிள்ளையின் கண்ணீரும்



கையால் செய்த ஒரு சிறு விமானம் தரையில் மோதி நொறுங்கியதற்காக ஒரு பிள்ளை இரண்டு நாளாய்ச் சரியாகச் சாப்பிடாமல் இருப்பது தகுமா? ஒரு தாயார் என்னிடம் கேட்ட கேள்வி இது. "உயிருக்கா சேதம், சுவாமி? காசுதானே போயிற்று!" என்றார். கேள்வி அற்பமாய்த் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இந்த விமானத்தைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். பால்சா என்னும் இலேசான மரத்தைக் கீற்றுக் கீற்றாய் அறுத்து, பசையிட்டு, இறக்கைக்கு எலும்புக்கூடு கட்டி, மேலே மெல்லிய பிலிமை இழுத்து ஒட்டுவார்கள். உள்ளே மோட்டார், பாட்டரி, துடுப்புகளை அசைக்கும் சர்வோக்கள், தரையிலிருந்து ரேடியோ வழியே கட்டளை வாங்கும் ரிசீவர். மாதக்கணக்கில் மாலைகள் இதிலே கழியும். விழுவதற்கோ சில விநாடி போதும். விமானம் அப்பால் போகும்போது அதன் வலம் நமக்கும் வலம். நம்மை நோக்கித் திரும்பி வரும்போது அதன் வலம் நமக்கு இடமாகிவிடுகிறது. பதற்றத்தில் கை மாறித் திருப்பிவிடும். அவ்வளவுதான்.

நம்மில் பலர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலை பார்க்கிறவர்கள். கார் உறுப்புகளும் கைப்பேசிகளும் உங்கள் கை வழியே ஆயிரக்கணக்கில் போகின்றன. அளவு தப்பிய உருப்படி ரிஜெக்ட் தொட்டிக்குப் போகும்; அதற்காக யாரும் அழுவதில்லை, அழவும் வேண்டியதில்லை. அதே பழக்கத்தோடு வீடு திரும்பும் தகப்பனார், "விடுடா, வேறே வாங்கித் தருகிறேன்" என்கிறார். அன்பினால்தான் சொல்கிறார். ஆனால் பிள்ளை இழந்தது கடையில் கிடைக்கும் சரக்கல்லவே! அவன் பொறுமையும் கவனமும், தூக்கம் விழித்த இரவுகளும் அந்த மரக்கீற்றுகளில் சேர்ந்திருந்தன. அதற்கு ஈடாக இன்னொன்றை எந்தக் கடையில் வாங்குவது?

பொருள்மேல் பற்று வைக்காதீர்கள் என்று பிரசங்கிக்கும் சுவாமியாரே இப்படிச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். சேர்த்துப் பூட்டி வைத்ததை இழந்து அழுகிறவனை நானும் கண்டிப்பேன். தான் உண்டாக்கியதை இழந்து அழுகிறவனை அவனோடு ஒன்றாய் எண்ண என் மனம் ஒப்பவில்லை. மண்பானை உடைந்தால் வாங்கியவளுக்கு ஒரு வருத்தம், வனைந்தவனுக்கு வேறொரு வருத்தம் அல்லவா?

துக்கத்துக்கு மருந்து என்ன என்று 13-ஆம் நூற்றாண்டிலேயே அர்ச். தோமாஸ் அக்வினாஸ் ஆராய்ந்திருக்கிறார். "அழாதே" என்று அந்தப் பெரிய வேதசாஸ்திரி சொல்லவில்லை. உள்ளே அடைத்து வைத்த துயரம் அதிகமாய் வருத்தும், ஆகையால் கண்ணீரே ஒரு மருந்து என்கிறார். சிநேகிதரின் அனுதாபத்தையும், உண்மையை ஆராய்வதில் உண்டாகும் சந்தோஷத்தையும் சொல்லிவிட்டு, தூக்கத்தையும் குளியலையும்கூடச் சேர்த்துக்கொள்கிறார்! செமினாரியில் இதை முதன்முதலாய்ப் படித்தபோது நாங்கள் சிரித்தோம். இப்போது சிரிப்பு வருவதில்லை.

இங்கிருந்து தாம்பரம் தாண்டினால் குரோம்பேட்டை. அங்கே எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்தவர் அப்துல் கலாம். அவர் தலைமையில் உருவான எஸ்.எல்.வி.-3 ராக்கெட், 17 டன் எடையுள்ளது, 1979 ஆகஸ்டு 10-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, 317 விநாடிகளில் வங்கக் கடலில் விழுந்தது. பல ஆண்டு உழைப்பு! அன்று அவர் அறைக்குப் போய் அயர்ந்து தூங்கிவிட்டார். மாலை நெருங்கும் வேளையில் விழித்தபோது, அவருடைய மேலதிகாரி டாக்டர் பிரம்ம பிரகாஷ் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிடப் போகலாமா என்று கேட்டார். இதைக் கலாமே தம் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். கட்டிலருகே எவ்வளவு நேரம் காத்திருந்தாரோ, அந்தப் பெரிய மனிதர்! காரணம் தேடும் வேலை அதன் பிறகு நடந்தது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு சரியாக மூடாமல் அமிலம் கசிந்தது தெரியவந்தது. 1980 ஜூலை 18-ந் தேதி அடுத்த ராக்கெட் ரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது.

இந்த வரிசையைக் கவனியுங்கள், பெற்றோரே. நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாக்குகிறோம். உடைந்த அன்றே, "நான் அப்போதே சொன்னேனே" என்று காரணம் பேசத் தொடங்குகிறோம். காரணம் வேண்டியதுதான். எடை வாலில் கூடிப்போயிற்றா, சர்வோ தலைகீழாய் இணைக்கப்பட்டதா, வேகம் போதாமல் திருப்பத்தில் சரிந்ததா என்று துண்டுகளை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். அதை அவனே பார்க்கட்டும். அழுது, குளித்து, தூங்கி எழுந்த பிறகு பார்க்கட்டும்.

ஒன்று மட்டும் உடனே செய்யுங்கள். அடிபட்ட லித்தியம் பாட்டரி சில மணி நேரம் கழித்துக்கூடத் தீப்பற்றும். அதைக் கழற்றி வீட்டுக்கு வெளியே மணலில் வையுங்கள். மற்றத் துண்டுகளை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றாமல், அவன் கண்ணில் படும் இடத்தில் விட்டுவையுங்கள்.