கல்நார் நோயும் மெய்ப்பிக்கும் சுமையும்: ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

தீங்கு செய்தவர் அதற்கு ஈடுசெய்ய வேண்டும் என்பது யாவரும் ஏற்கும் அறம். ஆயின், தீங்கு நேர்ந்ததற்கும் அது நோயாக வெளிப்படுவதற்கும் இடையே 30, 40 ஆண்டுகள் கழியுமானால், அதனை மெய்ப்பிக்கும் சுமை யாரைச் சேரும்? காகித ஆலைகளில் பணியாற்றி ஓய்வு பெற்றோர், கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் வந்த நோய்க்கு இழப்பீடு கோரும் வழக்குகள் இவ்வினாவை எழுப்புகின்றன. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைத் துணைக்கொண்டு இவ்வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆலையும் தூசியும்

காகித ஆலையில் ஈரத்தாள், நீராவியால் சூடேறிய உருளைகளின்மேல் ஓடி உலர்கிறது. நீராவிக் குழாய்களுக்கும் கொதிகலன்களுக்கும் வெப்பம் காக்கும் உறையாகக் கல்நார் பயன்பட்டது. தாளை உருளையோடு அழுத்திப் பிடிக்கும் கனத்த துணிகள் பலவற்றிலும் கல்நார் இழை கலந்திருந்தது. உறையைப் பெயர்க்கும்போதும் துணியை அறுத்து மாற்றும்போதும் இழைகள் காற்றில் பரவின. மூச்சோடு உட்சென்ற இழைகள் நுரையீரலில் தங்கிவிடுகின்றன. நுரையீரல் தழும்பேறி இறுகும் ஆஸ்பெஸ்டோசிஸ் வெளிப்பட 10, 20 ஆண்டுகளோ அதற்கு மேலுமோ ஆகும். நுரையீரலின் மேலுறையைப் பற்றும் மீசோதீலியோமா என்னும் புற்றுநோய்க்கு 20 முதல் 50 ஆண்டுகள்வரை ஆகலாம். அதற்குள் தொழிலாளி முதுமை எய்தியிருப்பார். உடன் உழைத்தோர் சிலர் மறைந்திருப்பர். ஆலையே மூடப்பட்டிருக்கவும் கூடும்.

நீதிமன்றங்கள் கண்ட வழி

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் லூக் என்னும் சிற்றூரின் காகித ஆலையில் நீண்டகாலம் உழைத்த ஒருவர், உலர்த்தும் துணியைச் செய்த நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார். 2011இல் அம்மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பெற்ற தீர்ப்பை உறுதிசெய்தது. எத்தனை இழை எந்தப் பொருளிலிருந்து வந்தது என எண்ணிக் காட்டுமாறு அவரிடம் கேட்கப்படவில்லை. அப்பொருளுக்கு அருகில், அடிக்கடி, தொடர்ந்து பணியாற்றினாரா என்பதே அங்கு அளவுகோலாயிற்று.

காகித ஆலை சாராத வழக்கொன்றில், 2002இல், இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை மேலும் ஒருபடி சென்றது. ஒரே தொழிலாளி பலரிடம் வேலை செய்து மீசோதீலியோமாவுக்கு ஆளானால், நோயை விளைத்த இழை யாரிடமிருந்து வந்தது என மருத்துவத்தால் கூற இயலாது. கடமை தவறி இடரை மிகுவித்த ஒவ்வொருவரும் பொறுப்பாளரே என அவ்வவை தீர்ப்பளித்தது.

சிலம்பும் சான்றும்

கண்ணகி அரசவையில் தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். அந்தக் கூற்று மட்டும் வழக்கை வெல்லப் போதுமானதன்று. அரசியின் சிலம்பில் இருப்பவை முத்துகள் எனப் பாண்டியன் மறையாது உரைத்தபின்னரே, உடைந்த சிலம்பிலிருந்து தெறித்த மாணிக்கம் சான்றாயிற்று. அவன் வாய் திறவாதிருந்தால் மாணிக்கம் மாணிக்கமாகவே இருந்திருக்கும், சான்றாகியிராது. இவ்விடம் ஊன்றி நோக்கத்தக்கது. வழக்கின் ஒரு பாதி குறையிரப்பவரிடமும் மறுபாதி ஆற்றலுடையாரிடமும் உள்ளது. ஆலைத் தொழிலாளியின் சிலம்பு அவர் நுரையீரல். இணைச் சிலம்போ நிறுவனத்தின் கொள்முதல் ஏடுகளிலும் தூசி அளவைக் குறிப்புகளிலும் மருத்துவப் பதிவேடுகளிலும் கிடக்கிறது. அதனைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, 'உன் சான்று போதாது' என்று கூறுவது அறமாகாது.

ஒரு மறுப்பு

தான் விளைத்ததா என்று உறுதியாகத் தெரியாத நோய்க்கு ஒருவரைப் பொறுப்பாக்குவதும் அநீதியன்றோ என வினவலாம். இம்மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. பொறுப்பை விளைத்த இடரின் அளவுக்கேற்பப் பகிரலாம் எனப் பிரபுக்கள் அவையே 2006இல் கூறியது. அதே ஆண்டில் பிரித்தானிய நாடாளுமன்றம் சட்டமியற்றி, மீசோதீலியோமா நோயாளி முழு இழப்பீட்டையும் பொறுப்புடையோருள் எவரிடமிருந்தும் பெறலாம் என்றாக்கியது. தம்முள் பங்கிட்டுக்கொள்வது அவர்கள் வேலை. அறவியல் நோக்கில் இதுவே பொருந்துவதாகும். ஐயம் நீங்காத இடத்தில் யாரேனும் ஒருவர் இழப்பைத் தாங்கியே ஆக வேண்டும். அறிந்துகொள்ளவும் தடுக்கவும் வாய்ப்புப் பெற்றிருந்தவர் தாங்குவதே, அவ்விரண்டும் இல்லாதவர் தாங்குவதினும் நேரியது.

இந்தியச் சூழல்

கல்நார்த் தொழிலாளர் நலன் குறித்த பொதுநல வழக்கில், 1995இல் இந்திய உச்ச நீதிமன்றம் தொழிலாளியின் உடல்நலத்தை வாழ்வுரிமையின் பகுதியாக அறிவித்தது. ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் பணி தொடங்கியது முதல் 40 ஆண்டுகளோ பணி நீங்கியபின் 15 ஆண்டுகளோ, இவற்றுள் பிந்தியதுவரை காக்க வேண்டும் என ஆணையிட்டது. நோயின் நெடுங்காலத்தைப் பதிவேட்டின் காலத்தோடு இணைத்த ஆணை இது. இணைச் சிலம்பை அழியாது வைத்திருக்கச் சொன்ன தீர்ப்பு என்று இதனைக் கூறலாம். கல்நாரை உருவாக்கும் ஆலைகளைப் போலவே, அதனைக் குழாயுறையாக மட்டும் பயன்படுத்திய காகித ஆலைகளிலும் இவ்வறம் செல்லத்தக்கது. அங்கு உழைத்தோர் தாம் கல்நாரோடு பழகியதையே அறியாதிருத்தல் கூடும் என்பதால் தேவை மிகுகிறது.

முடிவுரை

காலம் கடந்ததால் தீங்கு சிறிதாவதில்லை, சான்றுதான் மறைகிறது. சான்றைக் காக்கும் ஆற்றல் யாரிடம் இருந்ததோ, அது மறைந்ததன் விளைவும் அவரையே சேரும். முதிய தொழிலாளியின் மூச்சுத்திணறலை ஊழ் என்று ஒதுக்குமுன், இணைச் சிலம்பு எங்கே என்று கேட்பது நீதியின் முதற்கடமையாகும்.