யானைக்கு அமைந்த சரிவு

சென்னை மெரினாவில் மணலுக்கு மேலே அலைகளை நோக்கி ஒரு மரப்பாதை போகிறது. நீளம் 263 மீட்டர், அகலம் 3 மீட்டர், செலவு சுமார் 1.14 கோடி ரூபாய். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்காக 2022 நவம்பர் 27 அன்று அதைத் திறந்தார்கள். இரண்டு வாரம் ஆவதற்குள் மாண்டஸ் புயல் அதன் கடலோர முனையைப் பெயர்த்துப் போட்டது. பிறகு சரிசெய்தார்கள். ஆனாலும் கேள்வி நிற்கிறது: கடல் பார்க்க இவ்வளவு செலவு வேண்டுமா?

கேட்பவர்களை ஈரமற்றவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. பேருந்தில் ஏறவே வழியில்லாத ஊரில் முதல் ரூபாய் எங்கே போக வேண்டும் என்பது நியாயமான கவலைதான். ஆனால் அதற்குள் வேறோர் எண்ணம் பதுங்கியிருக்கிறது. ஊனமுற்றவருக்கு வைத்தியம் வேண்டும், வேலை வேண்டும். உல்லாசம் கொஞ்சம் அதிகப்படி என்பதே அது. மற்றவர்கள் கடற்கரைக்கு எதற்குப் போகிறார்கள்? சுண்டல் தின்ன, காலை நனைக்க, சும்மா உட்கார. அவர்களிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கல்வி, வேலை ஆகியவற்றோடு பொழுதுபோக்கையும் உரிமையாகவே சொல்கிறது.

நாலு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு போனால் போதாதா என்பது அடுத்த யோசனை. அன்பான யோசனைதான், சிக்கலும் அதில்தான். தூக்கிவரப்பட்டவர் எங்கே உட்காருவது, எப்போது கிளம்புவது என்பதைத் தூக்கியவர்களின் கைவலி முடிவு செய்கிறது. இன்னும் பத்து நிமிடம் இருக்கலாமா என்று கேட்கக் கூச்சம். அடுத்த வாரமும் வர ஆசை என்று சொல்ல அதைவிடக் கூச்சம். தற்காலிக ஏற்பாடும் இப்படித்தான். நிரந்தரப் பாதை வருவதற்கு முன் டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டிச் சில நாட்களுக்கு மட்டும் தற்காலிகப் பாதை போட்டார்கள். திருவிழாப் பந்தல் மாதிரி, பிரித்ததும் கடல் மறுபடி தூரமாகிவிடும்.

இயற்கையைச் செயற்கை கெடுக்கும் என்ற வாதமும் உண்டு. கரையிலும் காட்டிலும் கண்டபடி கட்டக் கூடாது என்பது சரி. ஆனால் பழனி மலைக் கோயிலுக்கு 1966 முதல் விஞ்ச் ஓடுகிறது, 2004 முதல் ரோப் காரும் உண்டு. அதனால் மலை சிறுத்துவிட்டதாக யாரும் வருந்தக் காணோம். அதற்கெல்லாம் முன்பிருந்தே அங்கே சரிவாக ஏறும் யானைப் பாதை இருக்கிறது. படிக்கட்டு ஒத்துவராத உயிர் ஒன்று மேலே வர வேண்டுமென்றால் வழியைத்தான் மாற்ற வேண்டும் என்பது அந்நாளிலேயே விளங்கியிருக்கிறது. இன்று மூட்டு வலிக்காரர்களும் அவ்வழியே ஏறுகிறார்கள்.

மரப்பாதையிலும் எல்லோரும் நடக்கிறார்கள். குழந்தை வண்டி, ஊன்றுகோல், செல்ஃபி எடுக்க நிற்கும் கூட்டம். காவல் போட்டு மற்றவர்களைத் தடுக்கலாமா? தடுத்தால் வெளியே தெரியாத நோயுள்ளவர் வாசலில் நின்று தன் உடம்பை விளக்க வேண்டிவரும். அது பெரிய அவமானம். ஆகவே பாதை பொதுவாக இருப்பதே நல்லது. ஆனால் மணலில் நடக்க முடிந்தவருக்கு இன்னொரு வழி இருக்கிறது, சக்கரத்துக்கு இல்லை. ஞாயிறு மாலை நெரிசலில் பின்னால் ஒரு சக்கர நாற்காலி காத்திருந்தால், அதில் இருப்பவர் வாய் திறந்து கேட்பதற்கு முன்பே விலகுவது நடப்பவரின் கடமை.